கால்வாய் தூர்வார லாங் பூம் ஹிட்டாச்சி வாடகை: மீட்டர் ஓடுது, மட்டம் நிற்குதா?

நெல்லைப் பக்கம் கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் எதுவானாலும் பிசான நெல் அறுவடை முடிந்து கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கும் வரை உள்ள சில வாரங்களில்தான் தூர்வார முடியும். அந்த நேரத்துக்கு மணிக்கணக்கில் வண்டி தரும் நெல்லை வட்டார வாடகை நிறுவனம் ஒன்றின் சேவை பற்றியது இது. மண் அள்ளுவதற்கு 5-க்கு 4 தரலாம். அடிமட்டம் பார்ப்பதற்கு 2-க்கு மேல் தர மனசு வரவில்லை.

மண் தோண்டும் வண்டியை ஹிட்டாச்சி என்று ஊரே சொன்னாலும் வருவது எந்தக் கம்பெனி வண்டியாகவும் இருக்கும். கேட்க வேண்டியது கை நீளமும் பக்கெட் அளவும்தான். சாதாரண 20 டன் வண்டி சுமார் 10 மீட்டர் எட்டும், பக்கெட் 0.9 கன மீட்டர் பிடிக்கும். நீளக் கை வைத்த லாங் பூம் 15 மீட்டருக்கு மேல் எட்டும், ஆனால் பக்கெட் பாதிதான். கரையில் நின்றபடியே எதிர்க்கரை ஓரம் வரை வழித்துவிடலாம், சேற்றில் இறங்கிப் புதைய வேண்டியதில்லை. கரை இளகலாக இருந்தால் செயினுக்கு அடியில் பனந்தடி போட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கு இப்படி. அடி அகலம் 4 மீட்டர், வண்டல் அரை மீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டரில் 2,000 கன மீட்டர். வெட்டினால் மண் உப்பும். கால் பங்கு கூட்டி 2,500 என்று வையுங்கள். 0.45 கன மீட்டர் பக்கெட் முக்கால் நிறைந்து, ஒரு சுற்றுக்கு 30 விநாடி எடுத்தால், இடையில் நகரும் நேரம் போக மணிக்கு 30 கன மீட்டர் தேறும். ஆக 80 மணி நேரத்துக்குப் பக்கம், பத்து நாள் வேலை. ‘ஆறு நாளில் முடிச்சிரலாம்’ என்று போனில் சொல்வதை நம்பி ஆள் ஏற்பாடு செய்யாதீர்கள்.

மணிக்கு 30 கன மீட்டர் என்றால் பத்து யூனிட்டுக்கு மேல் (ஒரு யூனிட் 100 கன அடி). டிராக்டர் டிரெய்லர் ஒரு நடைக்கு ஒரு யூனிட் ஏற்றும். ஏற்றி, கொட்டிவிட்டு வர மொத்தம் 20 நிமிடம் ஆகும் தூரமென்றால் நான்கு டிராக்டராவது வேண்டும். இரண்டை வைத்துச் சமாளித்தால் வண்டி சும்மா உறுமிக்கொண்டு நிற்கும். இன்ஜின் ஓடினால் மணிக்கணக்கு காட்டும் மீட்டரும் ஓடும். காலையும் மாலையும் ரீடிங்கைப் போட்டோ எடுத்து வைப்பது நல்லது.

இனி மட்டம். கிலோமீட்டருக்கு 20 செ.மீ. வாட்டம் உள்ள கால்வாயில் 50 மீட்டருக்கு 1 செ.மீ.தான் இறக்கம். 15 மீட்டர் தள்ளி, கலங்கல் தண்ணீருக்குள் பக்கெட் எங்கே நிற்கிறது என்று ஆபரேட்டருக்குத் தெரியாது. கைப்பழக்கத்தில் இழுப்பார். ஒரு இடத்தில் ஒரு சாண் குழி, அடுத்த இடத்தில் விட்டுப்போன மேடு. குழியில் தண்ணீர் தேங்கும். அடுத்த வண்டல் அங்கேதான் முதலில் படியும், தண்ணீரில் படரும் அமலைச்செடியும் அங்கேதான் மண்டும். மேடு இருந்தாலோ கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது. இந்தச் சேவையில் ஹெல்பர் ஒருவர் வருகிறார், ஆனால் கிரீஸ் அடிப்பதோடு சரி. மடையின் அடிக்கல்லை ஆதாரமாக வைத்து டம்பி லெவல் என்ற மட்டக் கருவியில் பார்த்து, 50 மீட்டருக்கு ஒரு முளை அடித்துக்கொடுப்பது நம் வேலையாகிறது. கோடு போட்ட கம்போடு ஒரு ஆள் பக்கெட் எடுத்த இடத்தை ஊன்றிப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். கப்பல் போகும் ஆற்றுத் தடங்களில் தோண்டும் முன்னும் பின்னும் ஆழம் அளந்து, குறித்த ஆழத்துக்குக் கீழே அதிகம் போனதற்குக் காசு தராமல் ஒப்பந்தம் போடுவது வழக்கம். இங்கே மணிக்கணக்கு என்பதால் குழி தோண்டியதற்கும் சேர்த்தே பில் வரும்.

பல் வைத்த பக்கெட்டோடு வந்தால் திருப்பி அனுப்புங்கள், குளத்து வேலை என்றால் கட்டாயம். பல் அடியிலுள்ள களிப் படுகையைக் கிழித்துவிடும், பிறகு தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அகலமான, பல் இல்லாத சேற்றுப் பக்கெட் இவர்களிடம் இருக்கிறது, கேட்டால்தான் மாட்டுவார்கள். கரைச் சரிவைச் செங்குத்தாக வெட்டவும் விடாதீர்கள். ஐப்பசி மழையில் மொத்தமாகச் சரியும்.

வாரிய மண்ணைக் கரை உச்சியிலேயே குவிப்பது இவர்களுக்குச் சுலபம். முதல் மழைக்கே பாதி திரும்பி வந்துவிடும். குளத்து வண்டலை வயலுக்கு அடிக்க 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார். ஏக்கருக்கு நஞ்சைக்கு 75, புஞ்சைக்கு 90 கன மீட்டர். அனுமதிச் சீட்டு கையில் வந்த பிறகு வண்டியைக் கூப்பிடுங்கள். பாளையங்கோட்டை ஊருக்குள் வாரும் மண்ணில் பிளாஸ்டிக்கும் சாக்கடையும் கலந்திருக்கும், வயலுக்கு ஆகாது.

வண்டியை ஏற்றி வரும் லோபெட் லாரிக்குப் போக, வர இரண்டுக்கும் வாடகை தனி. ஆபரேட்டர் பேட்டாவும் தனி. கடைசித் தவணையை மட்டும் கையில் வைத்திருந்து, முளைக்கு முளை கம்பு ஊன்றிப் பார்த்த பிறகு கொடுங்கள். இந்த நிபந்தனையை முதல் நாளே சொன்னால் ஒத்துக்கொள்கிறார்கள்.