வேட்பாளர் பிரமாணப் பத்திரத் தளம்: யாருக்கு ஓட்டு என்று முடிவாகாதவருக்கு எவ்வளவு பயன்?

மக்களவைத் தேர்தல் வந்துவிட்டால் நோட்டீஸ், பொதுக்கூட்டம், வாட்ஸ்அப் வீடியோ என்று எல்லாப் பக்கமிருந்தும் தகவல் கொட்டுகிறது. அதில் தப்பாகச் சொன்னதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. படிவம் 26 அப்படியல்ல. வேட்பாளர் தன் வழக்கு, வருமானம், சொத்து விவரங்களை எழுதி, நோட்டரி முன்போ மாஜிஸ்திரேட் முன்போ சத்தியம் செய்து கையெழுத்துப் போடும் பிரமாணப் பத்திரம் அது. தெரிந்தே பொய் சொன்னாலோ மறைத்தாலோ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை உண்டு. அந்தப் பத்திரங்களைத் தேர்தல் ஆணையம் தன் பிரமாணப் பத்திரத் தளத்திலும் செயலியிலும் இலவசமாகக் காட்டுகிறது. சரக்கு முதல் தரம். அதை அடுக்கி வைத்திருக்கும் விதம்தான் மோசம். எப்படி எடுப்பது என்று தெரிந்துகொண்டால், முடிவாகாத வாக்காளருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

முதலில் காலக்கணக்கு. 2024இல் தமிழ்நாட்டில் மனு தாக்கல் மார்ச் 20 முதல் 27 வரை நடந்தது. மனுவைத் திரும்பப் பெற மார்ச் 30 கடைசி நாள், வாக்குப்பதிவு ஏப்ரல் 19. ஆக, யார் யார் களத்தில் என்று உறுதியான பிறகு கையில் இருந்தது மூன்று வாரம்கூட இல்லை. திரும்பப் பெறும் நாள் முடிவதற்கு முன் பட்டியலைத் திறந்தால், மாற்று வேட்பாளர், நிராகரிக்கப்பட்டவர், விலகியவர் எல்லாரும் கலந்து நிற்பார்கள். அந்த நாள் கழிந்த மறுநாள் திறப்பதே நல்லது.

பெயரை அடித்துத் தேடாதீர்கள். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். தளத்தில் ஒரு விதம்தான் இருக்கும், தேடினால் 'இல்லை' என்று வரும். தேர்தல், மாநிலம், தொகுதி என்ற வரிசையில் இறங்கி, போட்டியிடுவோர் என்ற நிலையை மட்டும் தேர்ந்தெடுத்தால் சுத்தமான பட்டியல் வந்துவிடும். அதில் புகைப்படத்தையும் தந்தை பெயரையும் கட்டாயம் பாருங்கள். 2024இல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வத்தோடு அதே பெயரில் வேறு சிலரும் நின்றார்கள். ஒரு வேட்பாளர் நான்கு மனு வரை தாக்கல் செய்யலாம் என்பதால், ஒருவர் பெயரிலேயே இரண்டு மூன்று கோப்புகள் இருக்கும். விடுபட்டதைச் சேர்த்துத் திருத்திய பத்திரம் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். தேதியைப் பார்த்துப் பிந்தையதைத் திறக்க வேண்டும்.

திறந்ததும் தெரியும் பெரிய குறை: எல்லாமே ஸ்கேன் செய்த படங்கள். சில பக்கம் கையெழுத்தில், சில பக்கம் தலைகீழாக, முத்திரை விழுந்த இடத்தில் எழுத்தே தெரியாமல். சொல்லைத் தேட முடியாது, எண்ணைக் கூட்ட முடியாது. செல்போன் திரையில் படிப்பது கண்ணுக்குத் தண்டனை. கணினியில் பெரிதாக்கிப் படியுங்கள். பொறுமை இல்லாதவர்கள் கடைசியில் இருக்கும் 'பகுதி பி'க்குப் போய்விடலாம். முழுப் பத்திரத்தின் சுருக்கம் அதில் இருக்கும்.

குற்ற வழக்குப் பகுதியில் எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம். பிரிவையும் 'குற்றச்சாட்டு வனையப்பட்டதா' (நீதிமன்றம் குற்றச்சாட்டை முறைப்படி பதிவு செய்துவிட்டதா) என்ற கட்டத்தையும் பாருங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 188, 341 என்று வரிசையாக இருந்தால் அது பெரும்பாலும் மறியல், தடையை மீறிய ஆர்ப்பாட்டம். முப்பது வழக்கு இருக்கிறவர் தெருவில் இறங்கிப் போராடியவராகவும் இருக்கலாம். 420, 307, 302 என்றால் கதை வேறு: மோசடி, கொலை முயற்சி, கொலை. அங்கே ஒரே ஒரு வழக்கு இருந்தாலும், நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்திருந்தால் நிறுத்திப் படிக்க வேண்டியதுதான். 2024 ஜூலை 1 முதல் அந்தப் பழைய சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால், இனி வரும் பத்திரங்களில் இரண்டு சட்டத்தின் எண்களும் கலந்து இருக்கும். 143க்குப் பதில் 189(2), 188க்கு 223, 341க்கு 126(2), 420க்கு 318(4), 307க்கு 109, 302க்கு 103. இந்த ஆறையும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

சொத்துப் பகுதியில் ஏமாறுவது எளிது. ஐந்தாண்டு வருமானம் என்று இருப்பது வருமான வரிக் கணக்கில் காட்டிய மொத்த வருமானம். விவசாய வருமானத்துக்கு வரி விலக்கு என்பதால் அந்தத் தொகை அதில் சேராது. வருமானம் குறைவு, நிலம் அதிகம் என்பதை மட்டும் வைத்துத் திருட்டு என்று முடிவு கட்ட முடியாது. 'சார்ந்தோர்' என்றால் தனி வருமானம் இல்லாமல் வேட்பாளரை நம்பி இருப்பவர்கள். தனியாகத் தொழில் செய்யும் மகனின் சொத்து இதில் வராது. பங்குச்சந்தையில் இல்லாத சொந்தக் கம்பெனியின் பங்குகளைக் கணக்குப் புத்தக மதிப்பில்தான் எழுதுவார்கள். கம்பெனி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தொகை சின்னதாகத் தெரியும். நிலத்தின் மதிப்பு வேட்பாளரே போடுவது. உதாரணத்துக்கு, சாலையோர மூன்று ஏக்கருக்கு ஐந்து லட்சம் என்று இருந்தால், பக்கத்துக் கட்டத்தில் உள்ள சர்வே எண்ணை எடுத்துப் பதிவுத்துறைத் தளத்தில் வழிகாட்டி மதிப்பைப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை, சந்தேகம் தெளிந்துவிடும். இதே வேட்பாளர் முன்பும் நின்றிருந்தால் பழைய பத்திரமும் கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இவ்வளவு அலைய முடியாதவர்களுக்கு தேர்தல் சீர்திருத்தத்துக்காக இயங்கும் ஏடிஆர் என்ற தன்னார்வ அமைப்பின் 'மைநேதா' தளம் இருக்கிறது. இதே பத்திரங்களைத் தட்டச்சு செய்து, ஒப்பிட வசதியாகப் போடுகிறார்கள். 2024இல் வென்ற 543 பேரில் 251 பேர் தங்கள் மேல் வழக்கு இருப்பதாகச் சொல்லியிருப்பது அவர்கள் தொகுத்ததால்தான் பளிச்சென்று தெரிந்தது. வசதியில் ஆணையத் தளத்தைவிடப் பல மடங்கு மேல். ஆனாலும் தட்டச்சில் பிழை வரும், தெளிவில்லாத ஸ்கேனில் எண் மாறும். முடிவை மாற்றும் அளவுக்கு ஏதாவது கண்ணில் பட்டால் மூலப் பத்திரத்தோடு ஒப்பிடாமல் விடக் கூடாது.

இவ்வளவும் ஆளைப் பற்றியது. நாடாளுமன்றத்தில் ஓட்டுப் போடுவது கட்சி. எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்ற கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறினால், அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணையான கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவி போகும். கூட்டணியில் சின்னக் கட்சிக்காரர் பெரிய கட்சியின் சின்னத்தில் நின்று வென்றால், சட்டப்படி அவர் அந்தப் பெரிய கட்சியின் உறுப்பினர். 2024இல் நாமக்கல்லில் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி உதயசூரியனிலும், பெரம்பலூரில் இந்திய ஜனநாயகக் கட்சி தாமரையிலும் நின்றது அப்படித்தான். ஆகவே கட்சியை எடைபோட வேறு காகிதம் வேண்டும். அதுதான் 'சி-7' படிவம்.

வழக்கு உள்ளவரை நிறுத்தினால் ஏன் அவர், வழக்கு இல்லாத வேறு ஆள் ஏன் கிடைக்கவில்லை என்று கட்சியே எழுதி வெளியிட வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2020 பிப்ரவரி 13 உத்தரவு. வெற்றி வாய்ப்பு மட்டும் காரணமாக இருக்கக் கூடாது என்றும் அதில் தெளிவாக உள்ளது. கட்சித் தளத்தின் முகப்பிலேயே இதற்குத் தனித் தலைப்பு வேண்டும் என்று 2021இல் நீதிமன்றம் மறுபடி சொன்னது. உங்கள் பட்டியலில் உள்ள கட்சிகளின் தளங்களைத் திறந்து அந்தத் தலைப்பைத் தேடுங்கள். இருக்கிறதா, எத்தனை சொடுக்கில் கிடைக்கிறது, பத்து வேட்பாளருக்கும் ஒரே வாசகத்தை ஒட்டியிருக்கிறார்களா, ஆளுக்கு ஆள் உண்மையான காரணம் எழுதியிருக்கிறார்களா? நாலு கட்சிக்கு இதைச் செய்து பார்த்தால், மேடைப் பேச்சில் தெரியாத வித்தியாசம் தெரிந்துவிடும். ஆணையத்தின் செயலி இந்தக் காரணங்களை வேட்பாளர் பெயருக்குப் பக்கத்திலேயே காட்ட வேண்டும். வாக்காளர் இதைத் தேடி அலையும் நிலை இருக்கவே கூடாது.

தேர்தல் அறிக்கைகளுக்கு ஒரே ஒரு சல்லடை போதும்: சொல்லும் வாக்குறுதி மத்திய அரசின் அதிகாரத்தில் வருகிறதா? உள்ளூர்ச் சாக்கடைக்கு எம்.பி. தேர்தலில் பதில் கிடைக்காது. ரயில், ஜிஎஸ்டி, நீட், மீனவர் பிரச்சினைக்குக் கிடைக்கும். அறிக்கை தாமதமாக வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 2024இல் திமுக மார்ச் 20, அதிமுக மார்ச் 22, காங்கிரஸ் ஏப்ரல் 5, பாஜக ஏப்ரல் 14. கடைசியாக வந்ததைப் படிக்கத் தமிழ்நாட்டு வாக்காளருக்கு ஐந்தே நாள்.

தற்போதைய எம்.பி.யே மறுபடி நின்றால், நாடாளுமன்றச் செயல்பாட்டைத் தொகுக்கும் பிஆர்எஸ் என்ற ஆய்வு அமைப்பின் தளத்தில் வருகைப் பதிவு, கேள்விகள், விவாதங்கள் எல்லாம் உண்டு. அவர் அமைச்சராக இருந்தால் மட்டும் அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள்; அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதில்லை, கேள்வியும் கேட்பதில்லை.