கணினி ஓர் அறையில், விசைப்பலகை மறு அறையில்: யூஎஸ்பி எக்ஸ்டென்டருடன் மூன்று ஆண்டுகள்

குரல்பதிவு செய்யும்போது கணினியின் விசிறி இரைச்சல் ஒலிவாங்கியில் விழுகிறது என்பதற்காக, மூன்று ஆண்டுகளுக்கு முன் கணினிப் பெட்டியை வீட்டின் மறுகோடி அறைக்கு மாற்றினேன். சுவரோரமாகக் கேபிள் செல்லும் தூரம் 22 மீட்டர். திரைக்கு ஒளியிழை எச்டிஎம்ஐ கேபிள் போட்டதோடு அந்த வேலை முடிந்தது. விசைப்பலகை, மவுஸ், ஒலிவாங்கி, வெப்கேமரா ஆகியவற்றை மேசைக்குக் கொண்டுவருவதுதான் பாடாய்ப் படுத்தியது.

யூஎஸ்பி 2.0 கேபிளின் நீளம் 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதற்கு மின்னழுத்தம் குறைவது மட்டும் காரணம் அன்று. கணினி ஒரு சாதனத்தைக் கேட்டால் மிக நுண்ணிய நேரத்துக்குள் பதில் திரும்பியாக வேண்டும். வராவிட்டால் பிழை என்றே கணினி எடுத்துக்கொள்ளும். ஆகவே சாதாரண நீட்டிப்பு கேபிள்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செருகிக்கொண்டே போவதில் பயனில்லை. யூஎஸ்பி இணைப்பைத் தொலைவுக்குக் கொண்டுசெல்லும் எக்ஸ்டென்டர் என்பது கணினியருகே ஒன்று, மேசையருகே ஒன்று என இரண்டு சிறு பெட்டிகள். நடுவே கேட்6 எனப்படும் நெட்வொர்க் கேபிள் ஒன்று. தரமான எக்ஸ்டென்டரில், தொலைவிலுள்ள சாதனத்தின் பதில் வந்துசேரும் வரை கணினிப் பக்கப் பெட்டியே கணினிக்குத் தவணை சொல்லிக் காலத்தை ஓட்டும். செருகி நெட்வொர்க் கேபிளுடையதுதான் என்றாலும், நடுவில் ஈதர்நெட் சுவிட்சை (பல நெட்வொர்க் கேபிள்களை ஒன்றிணைக்கும் பெட்டியை) வைத்தால் இவ்வகைப் பெட்டிகள் வேலை செய்யா. நானும் ஒருமுறை வைத்துப் பார்த்தேன்.

முதலில் வாங்கியது தனி மின் அடாப்டர் இல்லாத மலிவான எக்ஸ்டென்டர் இணை. அது யூஎஸ்பி 1.1 வேகமான நொடிக்கு 12 மெகாபிட்டிலேயே ஓடியது. விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் அது தாராளம். ஒலிவாங்கிக்கும் போதும், ஏனெனில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ ஒலிக்கே நொடிக்கு ஏறத்தாழ 2.3 மெகாபிட்தான் வேண்டும். வெப்கேமராதான் படத்தைத் தரவே இல்லை. எனவே 480 மெகாபிட் வேகமும் மேசைப் பக்கத்தில் நான்கு முனைகளும் தனி அடாப்டரும் கொண்ட இன்னோர் இணைக்கு மாறினேன். யூஎஸ்பி 2.0 முனை ஒன்று தருவதே 500 மில்லிஆம்பியர் என்னும்போது, மெல்லிய கம்பி வழியே 22 மீட்டர் கடந்து நான்கு சாதனங்களுக்கு அதைப் பங்கிட முடியாது.

புதிய பெட்டியிலும் முதல் இரண்டு மாதங்கள் நிம்மதியில்லை. நாளொன்றுக்கு நான்கைந்து முறை சாதனங்கள் அனைத்தும் ஒரு நொடி அறுந்து திரும்பின. பெட்டியைத் திருப்பியனுப்பும் முடிவுக்கே வந்துவிட்டேன். கடைசி முயற்சியாக இரண்டு பெட்டிகளையும் அருகருகே வைத்து 2 மீட்டர் கேபிளால் இணைத்தபோது, ஒரு முழுநாளும் துண்டிப்பே நிகழவில்லை. சுவரில் ஓடிய கேபிளின் நுனியைப் பிளேடால் சுரண்டிப் பார்த்தால், செந்நிறத்துக்கு அடியில் வெள்ளை தெரிந்தது: செம்பு பூசிய அலுமினியம். சுத்தச் செம்புக் கேபிளாக மாற்றிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. எக்ஸ்டென்டரைப் பற்றிக் குறைகூறும் பலருக்கு உண்மையில் கேபிளில்தான் குறை இருக்கும் என்று நான் இப்போது ஐயப்படுகிறேன்.

மின்தடை வேறொரு பாடம் கற்பித்தது. கணினி யூபிஎஸ்ஸில் உயிரோடிருக்க, மேசைப் பக்க அடாப்டர் சாதாரண பிளக்கில் இருந்ததால், கரண்ட் போனதும் திரை தெரியும், விசைப்பலகை மட்டும் செத்துக் கிடக்கும். அடாப்டரை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினேன். மின்சாரம் மாறும் அந்தக் கண்ணிமைப்பொழுதே பெட்டியை மீள்தொடக்கம் செய்யவைத்து, ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்திவிட்டது. மேசையடியிலும் ஒரு சிறிய யூபிஎஸ் வைத்த பின்பே இது தீர்ந்தது.

டிஜிட்டல் கையொப்ப டோக்கன் இதில் தடையின்றி இயங்குகிறது. வெளிப்புற ஹார்டு டிஸ்க்கை மட்டும் நான் இதில் செருகுவதில்லை. நகலெடுக்கும் வேகம் வெகுவாகக் குறைவதோடு, நடுவில் அறுந்தால் கோப்பும் போய்விடும். உறக்க நிலையிலிருந்து கணினியை எழுப்ப இந்த விசைப்பலகையால் முடியாததால், விண்டோஸில் உறக்கத்தையும் யூஎஸ்பி முனைகளுக்கான மின்சேமிப்பையும் அணைத்து வைத்திருக்கிறேன். பவர் பட்டனை அழுத்த ஒவ்வொரு காலையும் மறுகோடி அறைக்கு நடந்துதான் போகிறேன்.

உங்கள் தூரம் 10 மீட்டருக்குள் என்றால் இவ்வளவு செலவும் அலைச்சலும் வேண்டாம். உள்ளேயே ரிப்பீட்டர் (சிக்னலைப் புதுப்பித்து அனுப்பும் சில்லு) பொருத்திய யூஎஸ்பி கேபிள் ஒன்று போதும்.