நான்கு ஆண்டுகள் பாவித்த இறப்பர் பொம்மையும் ஒரு யூரியாச் சாக்கின் இழையும்

எங்கள் நாய் மணிக்கு இப்போது ஐந்து வயது. அவன் ஏழு மாதக் குட்டியாக இருந்தபோது, உட்புறம் குடைவாக உள்ள இயற்கை இறப்பர் கடிபொம்மை ஒன்றை ஹட்டனில் வாங்கினேன். அன்றிலிருந்து அநேகமாக ஒவ்வோர் இரவும் அவன் அந்த வகைப் பொம்மையைத்தான் கடித்து வருகிறான்.

சிறுத்தை நாய்களைத் தேடி லயத்துக்கு, அதாவது எங்கள் வரிசை வீடுகளுக்கு, அருகே வருவது எங்கள் தேயிலைத் தோட்டத்தில் புதிதல்ல என்பதால், இருட்டியதும் மணியை இஸ்தோப்புக்குள் (வீட்டின் முன்கூடத்துக்குள்) விட்டுக் கதவைத் தாழிட்டுவிடுவோம். அடைபட்டுக் கிடக்கும் இளம் நாய் செருப்பு, விளக்குமாறு, கொழுந்துக் கூடையின் விளிம்பு என்று அகப்பட்டதையெல்லாம் கடிக்கும். உப்பில்லாத சோற்றையும் அவித்து மசித்த கரட்டையும் பொம்மைக்குள் அடைத்துக் கொடுக்கத் தொடங்கிய பின்னர், முக்கால் மணி நேரம் நக்கிக் களைத்து அவன் உறங்கப் பழகிக்கொண்டான். இந்த ஒரு பயனுக்காகவே அதை மீண்டும் வாங்குவேன்.

ஆனால் முதலில் நான் வாங்கிய அளவு தவறானது. குட்டிக்கு ஏற்றதாக இருந்த பொம்மை, அவன் வளர்ந்ததும் பின்பற்களைத் தாண்டி நழுவும் அளவுக்குச் சிறிதாகிவிட்டது. அப்படி நழுவும் எதுவும் தொண்டையை அடைத்துவிடக்கூடும் என்பதால் பெரியதற்கு மாறினேன். துளைகளையும் பார்க்க வேண்டும். ஒரே துளையுள்ள பொம்மைக்குள் நாக்கு நுழைந்தால், உள்ளே வெற்றிடம் உண்டாகி நாக்கு சிக்கி வீங்கிவிடக்கூடும். மறுமுனையிலும் காற்றுப் போக ஒரு துளை இருப்பது அவசியம். கட்டைவிரல் நகத்தால் அழுத்தும்போது சற்றேனும் பதியாத நைலோன் எலும்பும் மாட்டுக்கொம்பும் மேற்தாடையின் பெரிய பல்லைப் பிளந்துவிடக்கூடியவை. கீச்சிடும் பொம்மை ஒன்றும் வாங்கினேன். கால் மணி நேரத்தில் அதன் ஊதியை வெளியே எடுத்துவிட்டான், விழுங்குவதற்குள் பறித்துவிட்டேன்.

இவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கிய எனக்கு, வாசலில் கால் துடைக்கப் போட்டிருந்த யூரியாச் சாக்கு கண்ணில் படவில்லை. அது தட்டையான பிளாஸ்டிக் இழைகளால் நெய்யப்பட்டது. ஓரம் பிரிந்துவிட்டால் ஒரே இழை முழக் கணக்கில் உருவிக்கொண்டு வரும். இரண்டாவது ஆண்டின் ஆடி மழையில், மணி இரண்டு நாட்கள் சாப்பிடாமல் வாந்தியெடுத்தான். மூன்றாம் நாள் காலை அவனுடைய ஆசனவாயில் ஒரு வெள்ளை இழை தொங்கியது. அம்மா அதைப் பிடித்து இழுக்கப் போனார். தொலைபேசியில் இருந்த மிருக வைத்தியர், எக்காரணம் கொண்டும் இழுக்க வேண்டாம் என்று அழுத்திச் சொன்னார். இழையின் ஒரு முனை இரைப்பையின் வாயிலில் சிக்கியிருக்க, மற்ற முனையைக் குடல் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். பாவாடை நாடாவை இறுக்கும்போது துணி சுருங்குவதைப் போலக் குடல் அதன்மேல் சுருங்கும். அந்த நிலையில் இழுத்தால் இழை கத்தியாகிக் குடலை அறுத்துவிடும். வேன் பிடித்து அன்றே பேராதனை மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்ச் சத்திரசிகிச்சை செய்வித்தோம். பிழைத்துக்கொண்டான்.

அதன் பிறகு எந்தப் பொருளைப் பார்த்தாலும், இது கடிபட்டால் எப்படிப் பிரியும் என்றுதான் முதலில் பார்க்கிறேன். கயிற்றுப் பொம்மையும் அம்மாவின் கம்பளி நூலுருண்டையும் சாக்கைப் போலவே இழையாகப் பிரிபவை. சமைத்த கோழி எலும்பு கூரிய சிம்பாகப் பிளக்கும். ரிமோட்டின் பொத்தான் பற்றரி உடையாமலேயே சில மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். பூச்சி உருண்டையும் பனடோல் மாத்திரையும் நஞ்சு என்பதால் அலுமாரியின் மேல்தட்டுக்குப் போயின.

பொம்மைக்கும் ஆயுள் உண்டு. மூன்றாம் ஆண்டின் முடிவில் அதன் சிறிய துளையைச் சுற்றி வெடிப்புகள் தெரிந்தன. வளைத்துப் பார்த்தபோது விரல்நுனி அளவு துண்டு கையோடு வந்தது. அன்றே மாற்றினேன். இப்போது ஞாயிறுதோறும் சுடுநீரில் கழுவும்போது வெளிச்சத்தில் பிடித்து வளைத்துப் பார்க்கிறேன். மலையிலிருந்து வந்ததும் அம்மா இடுப்பில் கட்டும் படங்கை அவிழ்த்து, மணிக்கு எட்டாத உயரத்தில் நான் அடித்துக்கொடுத்த ஆணியில் மாட்டுகிறார்.