ஷாக் அப்சார்பர் போச்சு என்று சொன்னால் முதலில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் பாருங்கள்

வீடு மாறிய மறுநாள் துணி போட்டேன். துவைக்கிற வரை ஒன்றுமில்லை. ஸ்பின் தொடங்கியதும் மெஷின் குதித்த குதியில் மேலே இருந்த சோப்புத்தூள் டப்பா உருண்டு விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி நிற்கிறது, தண்ணீர் பைப் விறைத்துப் போயிருக்கிறது.

மெக்கானிக் வந்தார். மேலே ஒரு தட்டு தட்டிவிட்டு, “ஷாக் அப்சார்பர் ரெண்டும் போச்சு மேடம், மாத்தணும்” என்றார். டிரம்மின் ஆட்டத்தை அடக்குகிற தண்டுகள் அவை. நான் போன் பேசிவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருந்தது. பழையது எங்கே என்றால், ஆபீஸில் ஒப்படைக்க வேண்டுமாம். பில் அப்புறம் வருமாம். ஓட்டிக் காட்டச் சொன்னதற்குக் காலி டிரம்மை மெதுவாக நாலு சுற்று சுற்றவிட்டார். நானும் தலையாட்டிப் பணத்தைக் கொடுத்தேன்.

அடுத்த துவையலில் அதே குதி. போன் செய்தால், “புதுசு இல்லையா, ஓட ஓட செட் ஆயிடும்.” அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை.

தம்பி வந்தபோது பின்பக்கம் டார்ச் அடித்தவன், “அக்கா, இந்த போல்ட்டை யாருமே கழட்டலையா?” என்றான். நாலு டிரான்சிட் போல்ட். வண்டியில் ஏற்றும்போது டிரம் ஆடாமலிருக்க, சாமான் ஏற்றியவர்கள் மாட்டியது. டிரம், ஸ்பிரிங்கிலும் ஷாக் அப்சார்பரிலும் நின்று தன்பாட்டுக்கு ஆட வேண்டியது. போல்ட் பிடித்துக்கொண்டிருந்தால் நிமிடத்துக்கு 1200 சுற்றின் அதிர்வும் நேராகப் பாடிக்குத்தான் போகும். ஸ்பேனரால் தளர்த்தி இழுத்ததும் ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் புஷ்ஷோடு வந்தது.

மனசு கேட்கவில்லை. பிளக்கைப் பிடுங்கி, தண்ணீரை வடித்துவிட்டு மெஷினைச் சாய்த்து அடியில் பார்த்தோம். ‘புது’ ஷாக் அப்சார்பர்கள் மேல் பழைய அழுக்கும் காய்ந்த சோப்பும் அப்பியிருந்தன. நட்டில் துரு, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை.

மெஷினை நிமிர்த்தி, டிரம்மைக் கீழே அழுத்திக் கையை எடுத்தோம். ஒரே ஆட்டத்தில் நின்றது. துள்ளிக்கொண்டே இருந்தால்தான் ஷாக் அப்சார்பரைச் சந்தேகப்பட வேண்டும். போல்ட்டோடு ஓட்டியதில், டிரம்மைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் கெட்டிருக்குமோ என்று பயந்தேன். கையால் சுற்றிப் பார்த்ததில் கரகர சத்தம் இல்லை. தரையில் சரியாகப் படாத முன்கால் ஒன்றைத் திருகி இறக்கி, லாக் நட்டை இறுக்கினான். அன்றைக்கே இரண்டு முறை துவைத்தேன், இடத்தை விட்டு அசையவில்லை.

நாலு போல்ட்டையும் ஒரு கவரில் போட்டு மெஷினின் முதுகிலேயே டேப் அடித்து ஒட்டியிருக்கிறேன்.