பர்மா போர்முனையில் தாத்தா: ஒரு சிப்பாயின் சேவையைத் தேடியதில் உதவியவை, உதவாதவை

இரண்டாம் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் பணியாற்றிய என் தாத்தாவின் சேவை விவரங்களைச் சில ஆண்டுகளாகத் தேடி வருகிறேன். அவர் போரில் இறந்தவர் அல்லர், அதிகாரியும் அல்லர். போர் முடிந்ததும் ஓய்வூதியம் இல்லாமல் ஊருக்கு அனுப்பப்பட்ட சாதாரணச் சிப்பாய். 1945-இல் 25 லட்சத்தைத் தாண்டியிருந்த இந்திய ராணுவத்தில் இப்படித் திரும்பியவர்களே மிகப் பெரும்பான்மையினர். ஆனால் இன்று நம் கைக்கு எட்டும் தேடல் வசதிகளோ பெரும்பாலும் இறந்தவர்களையும் அதிகாரிகளையும் விருது பெற்றவர்களையும் மையமாக வைத்தே அமைந்துள்ளன. உயிரோடு திரும்பிய சிப்பாயின் பேரப்பிள்ளைகளுக்கு இவற்றில் எது எவ்வளவு பயன்படும் என்பதை என் அனுபவத்தைக் கொண்டு எழுதுகிறேன்.

எந்த இணையதளத்தையும் விட முதலில் பார்க்க வேண்டியது வீட்டில் இருக்கும் பதக்கங்களைத்தான். அந்தப் போருக்காக பிரிட்டிஷ் படையினருக்குத் தரப்பட்ட நட்சத்திரப் பதக்கங்களில் பெயர் பொறிக்கப்படவில்லை. இந்தியப் படையினருக்குத் தரப்பட்டவற்றின் பின்புறத்திலோ படை எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டன. தாத்தாவின் பர்மா நட்சத்திரத்தை ஆயா ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் பூஜைப் பாத்திரங்களோடு சேர்த்துப் புளி போட்டுத் துலக்கி வந்ததில் எழுத்துகள் வெகுவாகத் தேய்ந்திருந்தன. அறையை இருட்டாக்கி, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து, செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தபோது எண்ணின் கடைசி இலக்கம் வரை தெரிந்தது. பிறகு நான் எழுதிய எல்லா மனுக்களும் அந்த எண்ணை வைத்து எழுதப்பட்டவையே. உங்கள் வீட்டில் அப்படிப் பதக்கம் இருந்தால் தயவுசெய்து அதைத் துலக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் ஓய்வூதியம் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களுடைய மனைவியருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக மாதாந்திர நிதியுதவி கிடைத்து வந்தது. அதற்கு விண்ணப்பித்த குடும்பங்களில் டிஸ்சார்ஜ் சான்றின் நகல் ஒன்று எங்காவது இருக்க வாய்ப்புண்டு. எங்கள் வீட்டில் பெரியப்பா அதை நிலப் பத்திரங்களோடு வைத்திருந்தார். தாத்தாவின் கம்பெனி, அதாவது அவர் இருந்த சிறு படைப்பிரிவு, எந்த எண் கொண்டது என்பது எங்களுக்குக் கிடைத்தது அந்த நகலிலிருந்துதான்.

அடுத்தது படையின் பதிவு அலுவலகம். இந்தியச் சிப்பாய்களின் சேவை ஆவணங்கள் லண்டனில் இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அவை லண்டனில் இல்லை. அந்தந்தப் படையின் பதிவு அலுவலகத்தின் பொறுப்பில் இந்தியாவிலேயே இருந்தவை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரை இணைத்து மனு அனுப்பலாம். ஓய்வூதியம் இல்லாமல் விடுவிக்கப்பட்டவர்களின் ஆவணங்கள் 25 ஆண்டுகள் கழித்து விதிப்படி அழிக்கப்படுவதால், முதல் பதில் பெரும்பாலும் ஏமாற்றமாகவே இருக்கும். அதோடு விட்டுவிடக் கூடாது. ‘லாங் ரோல்’ என்ற நிரந்தரப் பேரேட்டில் உள்ள பதிவின் நகலைத் தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள். எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரிதான்: எண், பெயர், தந்தை பெயர், ஊர், சேர்ந்த தேதி, விடுவிக்கப்பட்ட தேதி. அந்த ஒரு வரியைப் படித்து என் தந்தை அழுதார்.

இந்த முழுத் தேடலிலும் எனக்கு அதிகமாகக் கற்றுத் தந்தவை போர் நாட்குறிப்புகள். லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில், டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசையில், தென்கிழக்கு ஆசியப் போர்முனையில் இருந்த பிரிவுகளின் நாட்குறிப்புகள் ஆண்டுவாரியாக இருக்கின்றன. பட்டியலை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பக்கங்களைப் பார்ப்பதற்குப் பெரும்பாலும் நேரில் செல்ல வேண்டும். அங்கே வாசகர் அட்டைக்கும், நம் கேமராவில் படம் எடுப்பதற்கும் கட்டணம் இல்லை. லண்டனில் இருக்கும் என் அத்தை மகன் போய் எடுத்து அனுப்பினான். நேரில் செல்ல ஆள் இல்லாதவர்கள் பணம் கட்டி நகல் பெறலாம், ஆனால் செலவு கணிசமாகும். கம்பெனி எண் தெரியாமல் இந்த வரிசையில் இறங்குவது வீண்.

இடம், தேதி, நேரம், நிகழ்வு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் கொண்ட படிவத்தில் அதிகாரிகள் எழுதியவை இவை. சிப்பாய் எவருடைய பெயரும் பொதுவாக இராது. என் தாத்தாவின் பெயர் ஒரு பக்கத்தில்கூட இல்லை. ஆனால் அவருடைய கம்பெனி எந்த நாளில் எங்கே நின்றது, எந்தப் பாலத்தைச் சரிசெய்தது, மழையில் எந்தச் சாலை அடித்துக்கொண்டு போயிற்று என்பதெல்லாம் அந்தப் பக்கங்களில் இருக்கின்றன. “தார்ச் சாக்கை விரிச்சு ரோடு போட்டோம்” என்று தாத்தா அடிக்கடி சொல்வார். பிற்காலத்தில் ஊர்ப்பக்கம் பார்த்த ரோடு வேலையோடு அவர் அதைக் குழப்பிக்கொள்கிறார் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். 1944-ஆம் ஆண்டின் இறுதியில் பர்மாவில் தாமுவுக்கும் கலேவாவுக்கும் இடையில், சாலைக்கு வேண்டிய கல் கிடைக்காத கபாவ் பள்ளத்தாக்கில், மண்ணைச் சமப்படுத்தி அதன் மேல் தாரில் தோய்த்த சாக்குத் துணியை ஒன்றன் விளிம்பு மற்றொன்றின் மேல் படியுமாறு விரித்துச் சாலை அமைத்திருக்கிறார்கள். ‘பிட்ஹெஸ்’ என்பது அந்தத் துணிக்கு ராணுவம் வைத்திருந்த பெயர். தாத்தாவின் கம்பெனி அந்த வேலையில் இருந்ததை நாட்குறிப்பு உறுதி செய்கிறது. அவர் சொன்னது ஒரு சொல்லும் பிசகாத உண்மை.

மறுபக்கம், 1944 டிசம்பரில் கலேவாவில் சிண்ட்வின் ஆற்றின் குறுக்கே 1,154 அடி நீளத்துக்கு அமைக்கப்பட்ட பெய்லி பாலத்தை (முன்பே தயாரித்த இரும்புச் சட்டங்களைப் பூட்டி அமைக்கும் பாலம்) அவர்தான் கட்டினார் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. பாலத்தைக் கட்டிய பிரிவுகளில் அவருடைய கம்பெனி இல்லை; அதற்குச் செல்லும் சாலையில்தான் அவர்கள் இருந்தார்கள். இதில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை, ஏனெனில் அந்தச் சாலை இல்லாமல் பாலத்துக்கான இரும்பு ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்திருக்காது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கட்டணம் வாங்கும் வம்சாவளித் தளங்களில் இந்தியச் சிப்பாய்களைப் பற்றி எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளம் அரசுக் கோப்புகளுக்கு நல்லது, தனிநபர் தேடலுக்குப் பொருந்தாது. வீரப் பதக்கப் பரிந்துரைகள் அடங்கிய டபிள்யூ.ஓ. 373 வரிசையை இணையத்திலேயே பெயரை இட்டுத் தேடலாம். 24.2.1944 அன்று இத்தாலியில் கண்ணிவெடியின் மீது தன் உடலைக் கிடத்திச் சகாக்களைக் காத்து, இறப்புக்குப் பின் ஜார்ஜ் சிலுவை பெற்ற மெட்ராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்பிரமணியனைப் போன்றவர்களைப் பற்றி அறிவது இதனால் எளிது. சாலை போட்டவர்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இலவசத் தளம் போரில் இறந்தவர்களுக்கானது என்பதால் முதலில் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. நாட்குறிப்பு கையில் வந்த பிறகு அதன் பயன் புரிந்தது. நாட்குறிப்பில் அதிகாரி காயமுற்றால் பெயர் இருக்கும். சிப்பாய்கள் இறந்தால் ‘ஐ.ஓ.ஆர். 2’ (அதிகாரி அல்லாத இந்தியப் படையினர் இருவர்) என்று எண்ணிக்கை மட்டும் இருக்கும். அந்தத் தேதியையும் படையின் பெயரையும் ஆணையத்தின் தளத்தில் இட்டுத் தேடினால் பெயர் வருகிறது. பல பதிவுகளில் தந்தை பெயரும் ஊரும் சேர்ந்தே வருகின்றன. பெயரை இட்டுத் தேடுவதாக இருந்தால் ஆறுமுகம், முனுசாமி போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் இட்டுப் பார்க்க வேண்டும். ரங்கூன் நினைவகத்தில் பொறிக்கப்பட்ட ஏறத்தாழ 27,000 பெயர்களில் தாத்தாவோடு வேலை செய்தவர்கள் சிலரை இப்படித்தான் கண்டேன். அவர்களில் ஒருவர் எங்கள் பக்கத்துத் தாலுகாக்காரர். அவருடைய குடும்பத்தார் இன்னும் அந்த ஊரில் இருக்கிறார்களா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். இருந்தால், அவருடைய பெயர் உள்ள பக்கத்தையும் அந்த நாளுக்குரிய நாட்குறிப்பின் நகலையும் அவர்களிடம் நேரில் கொடுக்க வேண்டும்.