என் காசு எந்தக் கைக்குப் போகிறது? ஜி.எல்.எஸ். வங்கியோடு பத்து வருடங்களுக்கு மேல்

ஊரில் சீட்டுக் கட்டியவர்களுக்குத் தெரியும். இந்த மாதம் சீட்டை எடுத்தது யார், அந்தக் காசில் கிணறு வெட்டினாரா, மகளின் கலியாணத்தை நடத்தினாரா என்பதெல்லாம் கட்டிய அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம். ஜேர்மனிக்கு வந்து இருபது வருடம் வங்கியில் காசு போட்டேன். அங்கே அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

கேட்க வைத்தவள் என் மகள். அவளுடைய படிப்புக்கென்று, முன்பு கணக்கு வைத்திருந்த வங்கியில் ஒரு முதலீட்டு நிதியில் மாதம் 50 யூரோ கட்டி வந்தேன். 2014இல் வந்த ஆண்டறிக்கையை அவள் வாசித்துவிட்டு, "அப்பா, இதிலை ஏவுகணை செய்யிற கம்பனி இருக்கு, தெரியுமே?" என்றாள். அதற்கு இரண்டு வருடம் முன்புதான் இலங்கையின் வடக்கில், பச்சிலைப்பள்ளியில் என் அக்காவின் மகன் விறகு எடுக்கப் போய் மிதிவெடியில் வலது காலை இழந்திருந்தான். அந்தக் கம்பனிக்கும் அந்த மிதிவெடிக்கும் தொடர்பில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு இரவு நித்திரை வரவில்லை. வங்கிக்குப் போய் என் சேமிப்பிலிருந்து யாருக்கெல்லாம் கடன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். அதைச் சொல்ல முடியாது என்றார்.

அந்த வருடக் கடைசியில் ஜி.எல்.எஸ். வங்கியில் கணக்குத் திறந்தேன். ஜேர்மனியின் பொக்கும் நகரில் 1974இல் தொடங்கிய வங்கி அது. பெயரின் விரிவு, 'கடனுக்கும் கொடைக்குமான சமூக வங்கி'. அது ஒரு கூட்டுறவு வங்கி. சங்கக்கடையோடு வளர்ந்த எங்களுக்கு அந்த முறை புதிதில்லை. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. 1980களின் சமாதான இயக்கத்தவர்கள், தங்கள் காசு ஆயுதத்துக்குப் போகக் கூடாது என்று பிராங்ஃபர்ட்டில் எக்கோ வங்கி என்று ஒன்றைக் கட்டினார்கள். அது 1988இல் திறந்தது. பிறகு நெருக்கடிக்குள் விழ, 2003இல் அதன் வங்கி வேலைகளை ஜி.எல்.எஸ். எடுத்துக்கொண்டது. ஆயுதம், அணுமின், நிலக்கரி, குழந்தை உழைப்பு ஆகியவற்றுக்குக் கடனில்லை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது விலக்குப் பட்டியலைவிட மற்றப் பட்டியல்தான். நிறுவனங்களுக்குக் கொடுத்த கடன்களைத் தங்கள் சஞ்சிகையில் வெளியிடுகிறார்கள். யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று. காற்றாலை, முதியோர் இல்லம், இயற்கை விவசாயப் பண்ணை, கூட்டு வீட்டுத் திட்டம். முதல் தடவை அதை மேசையில் விரித்து மகளும் நானும் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், ஒவ்வொரு வரியாக வாசித்தோம். சீட்டுக்காசு போன இடத்தைப் பார்த்தது போலத்தான் இருந்தது. செர்னோபில் விபத்துக்குப் பிறகு அணுமின் வேண்டாம் என்று கிளம்பிய ஷோனாவ் என்ற சின்ன ஊரின் மக்கள், 1997இல் தங்கள் மின்வலையைத் தாங்களே வாங்கினார்கள். அதற்குக் காசு திரட்டத் துணை நின்றதும் இந்த வங்கிதான்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017இலிருந்து பெரியவர்கள் வங்கிக்கு வருடம் 60 யூரோ பங்களிப்புக் கட்ட வேண்டும். கணக்குக்கும் அட்டைக்கும் தனிக் கட்டணம். இலவசக் கணக்குத் தரும் இணைய வங்கிகள் இருக்கும்போது இது அதிகம்தான். கிளைகள் ஒரு சில நகரங்களில் மட்டும். காசு எடுப்பது சிரமமில்லை, ஃபோக்ஸ் வங்கி, ரைஃபைசன் வங்கி என்ற மற்றக் கூட்டுறவு வங்கிகளின் இயந்திரங்கள் எங்கும் உண்டு. ஆனால் கடையோ உணவகமோ வைத்து நாளாந்தம் தாள்காசு கட்டுபவர்களுக்கு இது பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். வைப்புக் காசுக்கு 100,000 யூரோ வரை சட்டக் காப்பு, மற்ற வங்கிகளைப் போலவே.

2022இல்தான் எனக்கு உண்மையான சோதனை வந்தது. உக்ரைன் போர் தொடங்கி மூன்று நாள் கழித்து ஜேர்மன் அரசாங்கம் தன் இராணுவத்துக்கு 100 பில்லியன் யூரோ என்று அறிவித்தது. ஆயுதமும் நல்ல முதலீடுதான் என்ற பேச்சு எங்கும் கேட்டது. என்னோடு வேலை செய்யும், உக்ரைனின் கார்கிவ் ஊர்ப் பெண், "ஆயுதம் இல்லாவிட்டால் என் அம்மாவின் வீடு இருந்திருக்காது" என்றார். அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. குண்டு விழும்போது பங்கருக்குள் இருந்தவன் நான், அந்தப் பயத்தைத் தெரியாதவன் இல்லை. பல நாள் யோசித்தேன். ஒரு நாட்டின் பாதுகாப்புக்கு என் வரி போகிறது. அதைப் பாராளுமன்றம் கேள்வி கேட்கலாம், நான் வாக்கால் கேட்கலாம். ஆயுதம் விற்று வரும் லாபத்தில் என் சேமிப்பு வளர்வது வேறு விஷயம். ஒரு ஏவுகணை யாருக்கு விற்கப்படுகிறது, யார் தலையில் விழுகிறது என்று என்னை யாரும் கேட்கப்போவதில்லை. கணக்கை அங்கேயே வைத்திருக்கிறேன். அந்தக் கார்கிவ் பெண்ணோடு இன்னமும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறேன்.

தனி ஆட்கள் கணக்கை மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: பலர் கேட்கத் தொடங்கினால் சட்டமும் மாறலாம். மிதிவெடி செய்வோருக்கு முதலீடு கூடாது என்று பெல்ஜியம் 2004இல் சட்டமே போட்டது. 2007இல் கொத்துக்குண்டுக்கும் போட்டது. இலங்கை சர்வதேச மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது 2017இல்தான். எங்கள் வடக்கில், முகமாலையில் பெண்கள் வெயிலில் குந்தியிருந்து ஒவ்வொரு அங்குலமாக மண்ணைக் கிளறி மிதிவெடிகளை எடுத்தார்கள். செய்ய ஒருநாள் போதும், எடுக்க எத்தனை வருடம்!

கணக்கு மாற்றுவது பெரிய தலையிடி என்று தள்ளிப்போடுபவர்கள் கவனிக்க: 2016 செப்டெம்பரிலிருந்து பழைய வங்கியும் புதிய வங்கியும் இதற்கு உதவ வேண்டும் என்பது ஜேர்மன் சட்டம். புதிய வங்கியில் ஒரு படிவத்தில் கையெழுத்து வைத்தால் வாடகை, மின்சாரக் கட்டணம் போன்ற நிரந்தரக் கட்டளைகளை அவர்களே மாற்றித் தருவார்கள். வேலைத்தலத்துக்குப் புதிய கணக்கு இலக்கம் போய்ச் சேர்ந்ததா என்பதை மட்டும் நீங்களே ஒருமுறை கேட்டு உறுதிசெய்யுங்கள். பழைய கணக்கை மூட மூன்று மாதம் பொறுங்கள்.