ஸ்லைடிங் கேட் மோட்டார்: பொருளுக்கு ஒரு மதிப்பெண், சேவைக்கு வேறொரு மதிப்பெண்

எங்கள் வீட்டு வாசலில் பொருத்தியிருக்கும் 24 வோல்ட் டி.சி. ஸ்லைடிங் கேட் மோட்டார் கொடுத்த விலைக்குத் தகுந்த பொருள்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை; ஆனால் அதை விற்றுப் பொருத்திய கடையின் பராமரிப்புச் சேவையை அதே வாயால் பாராட்ட முடியவில்லை. ஆகவே இரண்டையும் தனித்தனியே மதிப்பிடுகிறேன். ஆட்டோமேடிக் கேட் போட நினைப்பவர்கள் பெரும்பாலும் மோட்டாரைப் பற்றி மட்டும்தான் விசாரிக்கிறார்கள். பழுதோ பெரும்பாலும் மோட்டாருக்கு வெளியே, சக்கரத்திலும் கீழே ஓடும் டிராக்கிலும்தான் தொடங்குகிறது என்பதைக் கடைக்காரர் யாரும் தாமாகச் சொல்வதில்லை.

முதலில் பொருளைப் பற்றி. எங்கள் கேட் 12 அடி நீளமும் 5 அடி உயரமும் கொண்ட இரும்புச் சட்டத்தில் தகடு அடித்தது. எடை ஏறத்தாழ 300 கிலோ. மோட்டார் 600 கிலோ வரை இழுக்கக்கூடியது. கேட்டின் எடையைப் போல் ஒன்றரை மடங்காவது திறனுள்ள மோட்டாரை எடுப்பதே நல்லது. காகிதத்தில் எழுதியிருக்கும் எடை, புதுச் சக்கரமும் சுத்தமான டிராக்கும் இருக்கும்போது மட்டுமே பொருந்தும். நிமிடத்துக்கு 12 மீட்டர் வேகம் என்பதால் முழுதும் திறக்கப் பதினெட்டு, இருபது நொடிகள் ஆகின்றன. பின்னால் ஷேர் ஆட்டோ ஹாரன் அடிக்கும்போது அது நீண்ட நேரமாகத்தான் தெரியும். ஆனால் இதைவிட வேகமாக 300 கிலோ இரும்பு நகர்வதை வீட்டு வாசலில் யாரும் விரும்பமாட்டார்கள்.

230 வோல்ட் ஏ.சி. மோட்டார் இதைவிட மலிவு, எந்த எலக்ட்ரீஷியனுக்கும் பழக்கமானது. அதன் கெபாசிட்டர் தளர்ந்துபோனால் மோட்டார் உறுமும், கேட் நகராது. கெபாசிட்டரை மாற்றினால் சரியாகிவிடும். அப்படியிருந்தும் டி.சி. மாடலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் உண்டு. மின்தடையின்போது பேட்டரியில் ஓடும்; மெதுவாகக் கிளம்பி மெதுவாக நிற்பதால் ஒவ்வொரு முறையும் கேட் தூணில் மோதி அதிர்வதில்லை; எதிலாவது இடித்தால் மின்னோட்டம் கூடுவதைக் கவனித்து, மோட்டாரை இயக்கும் மின்னணுப் பலகையான போர்டே கேட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். மூன்றாவது வசதியைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மின்கட்டணத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஒரு நாளைக்குப் பத்து முறை திறந்து மூடினாலும் ஓடும் நேரம் ஏழு நிமிடத்தைத் தாண்டாது. 200 வாட் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்துக்கு ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு. வேடிக்கை என்னவென்றால், கேட் சும்மா நிற்கும்போது ரிமோட்டுக்காகக் காத்திருக்கும் போர்டும், வாசலில் குறுக்கே யாராவது நிற்பதைக் கவனிக்கும் சென்சாரும்தான் அதிகம் தின்கின்றன. ஐந்து வாட் என்றாலே அது இரண்டு மாதத்தில் ஏழு யூனிட் ஆகிறது. எப்படிப் பார்த்தாலும் கவலைப்பட வேண்டிய செலவல்ல.

நாங்கள் இருப்பது மேற்குத் தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூர்ப் பக்கம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தப் பகுதி நீரில் நின்றதை நாடே பார்த்தது. மோட்டாரின் அடிப்பீடத்தைத் தரையிலிருந்து சில அங்குலம் உயர்த்தினால் போதும் என்றுதான் தயாரிப்பாளரின் வரைபடம் காட்டுகிறது. இங்கே அது உதவாது. ஒன்றரை அடி உயரத்துக்குக் கான்கிரீட் பீடம் கட்டி அதன்மேல் மோட்டாரை வைத்திருக்கிறோம். அப்படி வைத்தால், கேட்டில் பொருத்தி மோட்டாரின் பற்சக்கரம் கடித்து இழுக்கும் பற்சட்டமான ரேக்கும் அதே உயரத்தில் வர வேண்டும்; அந்த உயரத்தில் கேட்டில் குறுக்குச் சட்டம் இருந்தால்தான் ரேக்கைப் பிடிக்க முடியும். எனவே தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் வெல்டிங் பட்டறையில் கேட்டுக்கு ஆர்டர் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். இந்த வேலையைக் கடைக்காரர்கள் முணுமுணுக்காமல், ரசமட்டம் வைத்து நேர்த்தியாகச் செய்து கொடுத்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கையால் தள்ளும் கேட்டில் ஏதாவது கோளாறு என்றால் கைக்கு அன்றே தெரியும். காலையில் கேட் கனக்கிறதே என்று யாராவது சொல்லிவிடுவார்கள். மோட்டார் சொல்லாது. சக்கரத்தின் பேரிங் இறுகினாலும், டிராக்கில் மணல் சேர்ந்தாலும், அது கூடுதலாக மூச்சைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் பாதி வழியில் நின்று, திரும்பிப் போகத் தொடங்கும். தடை ஏதோ இருக்கிறது என்று போர்டு எண்ணிக்கொள்கிறது. எங்கள் கேட்டும் ஒரு வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு இப்படித்தான் செய்தது. கடையிலிருந்து வந்த டெக்னீஷியன் மூடியைக் கழற்றினார், போர்டில் விசையைக் கூட்டிக் குறைக்கும் சிறு திருகை வலப்பக்கம் திருப்பினார், கேட் ஓடியது, சர்வீஸ் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார். ஐந்து நிமிட வேலை.

அந்தத் திருகு எதற்காக இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் அவர் செய்தது எவ்வளவு தவறு என்பது விளங்கும். குழந்தையோ, சைக்கிளோ, காரின் பின்பக்கமோ குறுக்கே வந்தால் எவ்வளவு அழுத்தத்துக்குப் பிறகு கேட் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை அதுதான் முடிவுசெய்கிறது. மூடும் விளிம்புக்கும் தூணுக்கும் இடையிலுள்ள குறுகிய இடைவெளியில் ஒருவர் சிக்கினால் அவர்மேல் படும் விசை 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது, அதாவது ஏறக்குறைய 40 கிலோ அழுத்தத்துக்கு மேல் போகக் கூடாது என்றும், அதுவும் முக்கால் நொடிக்குள் தணிந்துவிட வேண்டும் என்றும் ஐரோப்பியத் தரநிலையான இ.என். 12453 வரையறுக்கிறது. டிராக்கில் கிடக்கும் மணலை வெல்வதற்காகத் திருகைக் கூட்டினால், கேட் ஓடுவது உண்மைதான். ஆனால் பாதுகாப்புக்கு வைத்த எல்லையையும் சேர்த்தே தூக்கிவிடுகிறோம்.

அதனால் இப்போது நாங்களே ஒரு சோதனை செய்கிறோம். விமானப் பயணத்துக்குப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு வீட்டில் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை கேட்டைக் கையால் நகர்த்த முடியும்படி சாவியைத் திருகி மோட்டாரை விடுவித்துவிட்டு, கேட்டின் கைப்பிடியில் அந்தக் கொக்கியை மாட்டி மெல்ல இழுத்தால், எத்தனை கிலோவில் கேட் அசைகிறது என்பது திரையில் தெரியும். சக்கரமும் டிராக்கும் நன்றாக இருக்கும்போது எங்களுடையது ஏழெட்டு கிலோவில் நகர்கிறது. டெக்னீஷியன் திருகைத் திருப்பிவிட்டுப் போன அன்று அது பதினெட்டைத் தொட்டது. தெருவிலிருந்து மழைநீர் அடித்துவந்த மணல் டிராக்கின் ஓரத்தில் சிமெண்டைப் போல் இறுகிக் கிடந்தது. பழைய ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி, வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவியதும் எடை இறங்கிவிட்டது. பிறகு திருகையும் பழைய இடத்துக்கே கொண்டுவரச் செய்தோம்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது ரேக்குக்கும் மோட்டாரின் பினியன் பற்சக்கரத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி. ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும்; ஒரு ரூபாய் நாணயத்தின் கனம் என்று வைத்துக்கொள்ளலாம். கேட்டின் எடை முழுவதும் கீழ்ச் சக்கரங்களின்மேல்தான் நிற்க வேண்டும், பினியன்மேல் இறங்கவே கூடாது. சக்கரம் தேயத் தேயக் கேட் கீழே இறங்கி, கடைசியில் அதன் எடையில் ஒரு பங்கு பினியனின் தண்டில் உட்காரும். அப்போது கேட்கும் கடகட ஓசையைப் பலர் கிரீஸ் இல்லாததால் வருவதாக எண்ணி ரேக்கில் ஆயிலை ஊற்றுகிறார்கள். ஆண்டுப் பராமரிப்புக்கு வந்தவரும் அதைத்தான் செய்தார். திறந்தவெளியில் இருக்கும் ரேக்கில் எண்ணெய் பட்டால் தெருப்புழுதி அதில் ஒட்டி, அரைப்புச் சாந்து மாதிரி பற்களைத் தின்றுவிடும். துணியால் துடைத்து உலர்வாக வைத்திருப்பதே ரேக்குக்குச் செய்யும் பராமரிப்பு.

நம் ஊருக்கே உரிய எதிரிகள் பல்லியும் எறும்பும். மோட்டார் மூடிக்குள் கதகதப்பாக இருப்பதால் பல்லி உள்ளே போய் போர்டின் மீது படுக்கிறது. அதன் உடல் இரண்டு முனைகளை இணைத்துவிட்டால் பல்லியும் போகும், போர்டும் போகும். போர்டின் விலை மோட்டாரின் விலையில் கணிசமான பங்கு. கேபிள் நுழையும் பைப்பின் வாயைச் சிலிக்கான் பசையால் அடைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். பொருத்தும் நாளிலேயே இதைச் செய்திருக்க வேண்டும். கடையில் கேட்டால், அது எலக்ட்ரீஷியன் வேலை என்றார்கள்.

சென்சாரில் வேறு வகைச் சிக்கல் வந்தது. ஒரு தூணிலுள்ள டிரான்ஸ்மிட்டர் அனுப்பும் ஒளியை எதிர்த்தூணிலுள்ள ரிசீவர் வாங்கிக்கொண்டிருக்கும்; அது தடைபட்டால் கேட் மூடாது. எங்கள் வாசல் தெற்குப் பார்த்தது. கிழக்குத் தூணில் வைத்த ரிசீவரின் கண்ணில் மாலை வெயில் நேராக விழுந்ததால், சில மாதங்களில் மட்டும் ஐந்து மணிக்கு மேல் கேட் மூட மறுத்தது. ரிசீவரை மேற்குத் தூணுக்கும் டிரான்ஸ்மிட்டரைக் கிழக்குத் தூணுக்கும் மாற்றியதும் சரியாகிவிட்டது. காலை வெயிலைப் பக்கத்து வீட்டு மாடி மறைத்துக்கொள்கிறது. இந்த யோசனையைச் சொன்னது அதே கடையிலிருந்து வந்த வேறொரு இளைஞர். ஆளைப் பொறுத்துத்தான் சேவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பேட்டரிகள் மோட்டார் மூடிக்குள்ளேயே இருக்கின்றன. இது வடிவமைப்பின் குறை என்பேன். லெட்-ஆசிட் பேட்டரியின் ஆயுள், வெப்பம் பத்துப் பத்து டிகிரியாக ஏற ஏறப் பாதிபாதியாகக் குறையும். சித்திரை வெயிலில் அந்த மூடிக்குள் இருக்கும் சூட்டில் அவை நெடுநாள் தாங்குமென எதிர்பார்க்க முடியாது. மோட்டாருக்கு மேல் சிறு தகரக் கூரை போட்டால் கொஞ்சம் தணியும். ரிமோட்டைப் பற்றிக் குறை இல்லை. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் குறியீடு மாறும் ரோலிங் கோடு வகை என்பதால், கடைத்தெருவில் நகல் எடுத்துத் தரும் மலிவான ரிமோட்டுகள் இதைத் திறக்காது. வாங்கும்போது இதை உறுதிசெய்துகொள்வது நல்லது.

இரண்டு விஷயங்களை மோட்டாரோடு சேர்த்தே செய்துகொள்ள வேண்டும், பில்லில் அவை இடம்பெறாவிட்டாலும். ஒன்று, டிராக்கின் இரு முனையிலும் தரையில் பதித்த இரும்பு ஸ்டாப்பர். கேட் எங்கே நிற்க வேண்டும் என்று மோட்டாருக்குக் காட்டும் காந்தமான லிமிட் மேக்னட் நழுவினால் மோட்டார் கேட்டை வழிகாட்டி உருளைகளைத் தாண்டி இழுத்துவிடும். ஸ்லைடிங் கேட் சாய்ந்து குழந்தைகள் பலியான செய்திகளை நாளிதழ்களில் படித்திருக்கிறோம். மற்றொன்று, ஆள் நுழையச் சிறிய தனி கேட். மின்சாரமும் பேட்டரியும் ஒருசேரக் கைவிட்டால், மோட்டாரை விடுவிக்கும் சாவி வீட்டுக்குள்ளும் நாம் தெருவிலும் நிற்க நேரும்.

மோட்டாருக்கு ஐந்துக்கு நான்கு. ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது பேட்டரி இருக்கும் இடத்துக்காக. பொருத்திய வேலைக்கு மூன்றரை. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு ஒன்றரைக்கு மேல் தர மனம் வரவில்லை. டிராக் சுத்தம், சக்கரத்தின் பேரிங், ரேக் இடைவெளி ஆகிய மூன்றும் ஒப்பந்தத் தாளில் எழுத்தில் இருந்தால் மட்டுமே அடுத்த ஆண்டு புதுப்பிப்பதாகக் கடைக்குச் சொல்லியிருக்கிறோம். மேலாளரிடம் கேட்டுச் சொல்வதாகப் பதில் வந்திருக்கிறது.